முன்னாடி இருந்தவங்க

வீட்டை வாடகைக்குக் காட்டும்போதே வீட்டுச் சொந்தக்கார அக்கா சொல்லிவிட்டார்.

"இந்த ரூம்புலதான் சாமி, உங்களுக்கு முன்னாடி இருந்தவரோட அம்மா செத்துப்போனாங்க. மத்தியானம் மோர் குடிச்சுட்டுப் படுத்தாங்க, எந்திரிக்கவே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரருக்கு, போர் போடுகிற ரிக் லாரிப் பட்டறையில் வேலை கிடைத்து ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குக் குடிவந்திருந்தோம். வயதில் சின்னவளான என்னைச் "சாமி" என்று அவர் கூப்பிட்டதே எனக்குப் புதிது. அதற்குள் இந்தச் செய்தி வேறு. பின்னால் நின்ற அக்காவின் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"குடி வாரவங்ககிட்ட இதையா சொல்லுவ? இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மேல் ஊடு போன வருசம் பூரா காலியாக் கெடந்துச்சு."

"ஏனுங், இருந்தவங்கள இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்றார் அக்கா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

மாடியில் காற்று நன்றாக வந்தது, ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்தது. என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். முதல் சில நாட்கள் அந்த அறைக்குள் நான் போகவே இல்லை. ஆனால் அக்கா துணி காயப்போட மாடிக்கு வரும்போதெல்லாம் அந்த அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார். மோரில் உப்பு தூக்கலாக இருக்க வேண்டுமாம். பால்காரரை விரட்டி விரட்டித் திட்டுவாராம், அவர் ஒருநாள் வராவிட்டால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாராம். கொஞ்ச நாளில் அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போயிற்று. முகம்கூடத் தெரியாது. மத்தியானம் அந்த அறையில் தலை சாய்த்தால் துணைக்கு ஒருவர் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

அக்கா நல்ல உயரம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. பாத்திரம் தேய்க்கும்போது புடவைக்கு மேல் கணவரின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார். ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். கணவரின் ரிக் லாரியில் கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று வருடக்கணக்காகப் பேசிப் பழகிய தொண்டை. அவருக்கு ஆகாத வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாராவது எந்த இடத்தையாவது காட்டி, "இங்கெல்லாம் முன்னாடி ஒண்ணுமே இல்லீங்க" என்று சொல்லிவிட்டால் போதும், பொறுக்க மாட்டார்.

ஒருமுறை ராசிபுரத்துக்கு நெய் வாங்கப் போனோம். பஸ்ஸில் பின் சீட்டுக்காரர் ஒருவர் புதிதாக முளைத்திருந்த கடைகளைக் காட்டி, "நான் சின்னப் பையனா இருக்கறப்ப இது வெறுங்காடு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"வெறுங்காட்டுல ஆருங்க ஆடு மேய்ச்சாங்க?"

அவர் முழித்தார். "ஆடா? ஆமாங்க, மேச்சேரிப் பக்கமிருந்து வந்து பட்டி போடுவாங்க."

"பொறவு?"

"பொறவு... ஒரு கெழவர் பனையேறிட்டு இருந்தாருங்க. அவருக்கு ஒரு குடிசை. ஒரு கெணறு இருந்துச்சு, அதுல எங்க சித்தப்பா விழுந்து காலொடிச்சுக்கிட்டாரு..."

ராசிபுரம் வரும்போது அந்த வெறுங்காட்டில் ஒரு தெரு அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. இறங்கும்போது அந்த மனிதர் அக்காவைக் கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

எல்லா இடத்திலும் கும்பிடு கிடைக்கவில்லை. குமாரபாளையத்தில் அக்கா ஒறம்பரை என்று சொல்லும் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கல்யாண விருந்து. மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டவர். புதுப்பெண்ணை நடுவில் உட்கார வைத்துப் பெண்கள் பாட்டும் சிரிப்புமாக இருந்தார்கள். அக்கா பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுச் சுவரைச் சுற்றிலும் பார்த்தார்.

"மூத்தவ படம் இங்கதான இருந்துச்சு? எங்க காணோம்?"

பாட்டு பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா முகம் கறுத்து, "நல்ல நாளும் அதுவுமா வந்து இப்படியா பேசுவாங்க" என்றார். அக்காவின் கணவர் எழுந்து வந்து, இலையில் கைவைக்காமலே எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டு வாசலில் இறங்கியபிறகுதான் என்னிடம் கேட்டார்.

"நான் கேட்டது தப்புங்களா கண்ணு? அவ அந்த ஊட்டுல ஏழெட்டு வருசம் சமைச்சிருக்கறா. ஒருத்தரும் அவ பேரை எடுக்கலியே."

அன்றைக்கு அக்கா மேல் எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான். கொஞ்ச மாதம் கழித்து அந்தப் புதுப்பெண் ஸ்கூட்டரில் தனியாக வந்தாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் எங்கிட்ட ஏதோ மறைக்கறாங்கன்னு பயந்துட்டே இருந்தனுங் பெரியம்மா. நீங்க கேட்டப்புறந்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. படம் பரண்ல இருந்துச்சு. தொடச்சு நானே மாட்டிட்டேன்" என்றாள். அக்கா அவளுக்கு முட்டை தோசை சுட்டுக் கொடுத்தார். ஆனால் அந்த மாமியார் அதற்கப்புறம் அக்காவோடு பேசவே இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

அக்காவும் அவர் கணவரும் சில வருடம் ஆப்பிரிக்காவில் இருந்தவர்கள். கணவர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து ஜிம்பாப்வேயில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் ஓட்டினார். எங்கள் ஊரில் இது பெரிய விஷயமில்லை. தெருவுக்கு ஒருவராவது கடல்தாண்டி ரிக்கோடு போனவர் இருப்பார். ஒரே மகனை நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அக்காவும் கூடப் போயிருந்தார். அங்கே பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் அவருக்குத் தோழி. அக்கா அவரைத் தமிழில் "அக்கா" என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டாராம், அவரும் "என்ன, அக்கா?" என்று திருப்பிக் கேட்பாராம்.

மாடிப் படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே ஒருநாள் அக்கா சொன்ன கதையை நான் மறக்கவில்லை.

"ஒரு ஞாயித்துக்கெழம அந்தக்கா என்னை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க கண்ணு. பழைய கோட்டையாட்ட. கல்லு நம்மூரு கருங்கல்லாட்டத்தான். செங்கல் கணக்கா ஒடச்சு, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கியிருக்கறாங்க. நடுவுல சுண்ணாம்பு கெடையாது, சேறு கெடையாது. தென்னமரம் ஒசரத்துக்குச் செவுரு வளைஞ்சு வளைஞ்சு போவுது. உள்ளார போனா வெளிச் சத்தமே கேக்கல. அந்த நாட்டுப் பேருக்கே கல்லு ஊடுன்னுதான் அர்த்தமாமா."

"யாருக்கா கட்டினது?"

"அவங்க பாட்டன் பூட்டன்தான். வெள்ளைக்காரன் கால் வெக்கறதுக்கு எத்தனையோ தலமுறைக்கு முன்னாடி ராசா இருந்து, சந்தை இருந்து, தங்கம் வித்து, சீனத்துப் பாண்டமெல்லாம் வாங்கியிருக்கறாங்க. அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். பாத்தான். இத இந்த சனம் கட்டியிருக்காது, வேற தேசத்து ராசா ஆரோ வந்து கட்டிட்டுப் போயிருக்கறான்னுட்டான். தான் வாரதுக்கு முன்னாடி இங்க ஒண்ணுமில்லைன்னு எழுதி வெச்சுட்டான்."

வெங்காய நெடிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக்கா சொன்னாங்க, படிக்கறப்ப பள்ளிக்கூடத்துல அவங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களாம். ஊட்டுக்கு வந்து தாத்தாகிட்ட, அந்தக் கோட்டைய எந்த ஊரு ராசா வந்து கட்டுனதுன்னு கேட்டாங்களாம். தாத்தா அழுதுட்டாராம். அதச் சொல்றப்ப அந்தக்கா செவுத்து மேல கைய வெச்சுக்கிட்டே நின்னாங்க. கெளம்பலாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"அதனாலதான் நீங்க இப்படி எல்லா இடத்துலயும் கேக்கறீங்களாக்கா?"

கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அட, நீ வேற! கல்யாணமாகி வந்த அன்னிக்கே எங்கம்மாகிட்ட, உங்களுக்கு முன்னாடி இந்த அடுப்புல ஆரு சமைச்சாங்கன்னு கேட்டவ இவ. ஆப்பிரிக்கா போயா கத்துக்கிட்டு வந்தா?"

அக்கா வெங்காயத் தோலை அவர் இருந்த திசையில் ஊதிவிட்டார்.

அவர் மகன் படிப்பு முடித்துச் சேலத்தில் மனை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். இரண்டு கூட்டாளிகளோடு அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டை ஒட்டி ஒரு மானாவாரி நிலத்தை வாங்கி மனை பிரிக்க ஏற்பாடு நடந்தது. நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினார். "மனிதக் காலடி படாத கன்னி நிலம்!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகனும் சேர்ந்து சிரித்துவிட்டு, "விளம்பரம்னா அப்படித்தாங்மா" என்றார். அம்மாவும் மகனும் அப்படிச் சேர்ந்து சிரித்ததை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

என் அம்மா வீடு அதே ரோட்டில்தான். ஒருநாள் நான் ஊருக்குக் கிளம்ப, "எங்க கார்லயே வாங்க, வழியில எடத்தையும் பாத்துட்டுப் போலாம்" என்று அக்காவின் மகன் கூப்பிட்டார். அக்காவும் ஏறிக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்த பொக்லைன் நின்றுபோயிருந்தது. டிரைவர் இறங்கித் தள்ளிப் போய் வேலிக்கருவை நிழலில் நின்றார்.

"இனி நான் ஓட்ட மாட்டனுங்ணா. உள்ள எலும்பு இருக்குது."

வட்டமாகப் பதித்திருந்த பெரிய கற்களை ஏற்கெனவே ஓரமாகத் தள்ளிக் குவித்துவிட்டார்கள். குழிக்குள் தொட்டி அளவுக்கு ஒரு மண்பானை, பக்கவாட்டில் உடைந்து வாய் பிளந்து கிடந்தது. சுற்றிலும் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். துருப்பிடித்துப் போன ஒரு இரும்புத் துண்டு. பானைக்குள் எலும்பு.

"ஏதோ பழைய சட்டி. மண்ணத் தள்ளி மூடிட்டு வேலையப் பாருங்க" என்றார் கூட்டாளி.

"அம்மா, நீங்க கார்ல உக்காருங்க" என்றார் மகன்.

அக்கா குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். எதையும் தொடவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணு, இந்த எலும்பு ரொம்பச் சின்னதா இருக்குதே. கொழந்தையாட்ட இருக்குதே" என்றார். ஒரு கிண்ணத்தில் மண்ணோடு சில சிவப்பு மணிகள் ஒட்டியிருந்தன.

மகன் அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "உங்க காலப் புடிக்கறேன். வாயத் தொறக்காதீங்க. வெளிய தெரிஞ்சா வேலைய நிறுத்திருவாங்க. இருக்கற எல்லாத்தையும் இதுல போட்டிருக்கறேன்."

"மூடிட்டா?"

"மூடிட்டா ஒண்ணுமில்ல. இது முன்னாடி ஒண்ணுமே இல்லாத எடம்மா. அவ்வளவுதான்."

அக்கா எகிறுவார் என்று நான் பயந்து நின்றேன். எகிறவில்லை. குடையை விரித்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே இருக்கிறவரை மண்ணைத் தள்ள முடியாது. கூட்டாளிகள் மகனைத் தனியே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. டிரைவர் வாங்கிவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"உங்க ஊருப் பக்கந்தான கண்ணு. இங்க விஏஓ ஆபீஸு எங்க இருக்குது?"

மகன் காதில் விழுந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"செத்து மண்ணாப் போனவங்க மேல இருக்கற பாசம் எம்மேல உங்களுக்கு எப்பங்மா இருந்திருக்குது? நான் ஹாஸ்டல்ல சொரத்துல கெடந்தப்ப நீங்க அங்க கல்லு பாத்துட்டு இருந்தீங்க."

அக்காவின் முகம் அப்படி ஆனதை நான் பார்த்ததில்லை. குடையை மடக்கினார். மடக்க வராமல் ரொம்ப நேரம் தடுமாறினார்.

"உன்ன உட்டுட்டுப் போனது தப்புதான் சாமி. அதுக்கு நீ என்னை என்ன வேணாலும் சொல்லு, கேட்டுக்கறேன். ஆனா அதுக்காவ இந்தப் புள்ளைய மண்ணள்ளிப் போட்டு மூடச் சொல்லாத."

விஏஓ ஆபீசுக்கு நாங்கள் இருவரும் நடந்தே போனோம்.

வேலை நின்றது. அதிகாரிகள் வந்தார்கள், பிறகு தொல்லியல் ஆட்கள் வந்து கயிறு கட்டித் தோண்டினார்கள். கூட்டாளிகள் ஒருவர்பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். அக்காவின் மகன் காரை விற்றுவிட்டு மோட்டார் சைக்கிளுக்கு வந்தார். அம்மாவோடு பேச்சு நின்றுவிட்டது. போன் வந்தால் அப்பாவுக்குத்தான் வரும். பொங்கலுக்கும் வரவில்லை.

அந்த மாதங்களில் அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் யாராவது "இங்க முன்னாடி ஒண்ணுமே இல்ல" என்றால்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு அது தாங்கவில்லை. அவர் வாயை எப்படியாவது திறக்க வைக்கலாமென்று ஒருநாள் நானே, "மாடியில அந்த அம்மாவுக்கு முன்னாடி யாருக்கா குடியிருந்தாங்க?" என்று கேட்டேன். "தெரியல கண்ணு" என்றார். அவருக்குத் தெரியும்.

பிறகு எங்களுக்கு நாமக்கல்லில் வேலை மாறி, அந்த வீட்டைக் காலி செய்தோம். சில வருடம் கழித்து ஒரு காலையில் அக்கா போய்விட்டதாகச் சேதி வந்தது. போனோம். வாசல் நிறைய ஆள். பஸ்ஸில் பார்த்துப் பழகியவர்கள், குமாரபாளையத்துப் புதுப்பெண், அவள் கையில் ஒரு குழந்தை. மகன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அந்த மனையில் கழிந்த கடைசி நாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. இன்றைக்கு அக்காவை நினைத்தாலும் அந்த நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது.

நாங்கள் நாமக்கல்லுக்கு வீடு மாறுவதற்கு முன்னால் நடந்தது அது. தோண்டிய இடத்தை நாளை மூடப்போகிறோம், பார்க்க வேண்டுமானால் வாருங்கள் என்று அங்கே வேலை பார்த்த தொல்லியல் பெண் அக்காவுக்குப் போன் செய்திருந்தார். தொப்பி போட்ட, நன்றாகச் சிரிக்கிற சின்ன வயதுப் பெண். அக்கா விடிகாலையில் எழுந்து ராகிக் களி கிண்டித் தூக்குப் போசியிலும், மோரை ஒரு பாட்டிலிலும் எடுத்துக்கொண்டார். வழியில் வாழை இலை வாங்கினோம்.

"அவங்க என்ன சாப்புட்டாங்களோ தெரியல. ராகி அப்பவும் இருந்திருக்குமாட்ட" என்றார் என்னிடம்.

பானைகளையும் எலும்பையும் பத்திரமாக எடுத்துப்போய்விட்டிருந்தார்கள். குழி வெறுமையாக, ஓரம் சீராக வெட்டி, சுத்தமாக இருந்தது.

"கொழந்தைதானுங்களா அது?" அக்கா கேட்டார்.

"அப்படித்தான் தெரியுதும்மா. சோதனை பண்ணிட்டுத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கலாம்."

"ஆராவது கழுத்துல அந்த மணியக் கோத்துப் போட்டு உட்டிருப்பாங்க இல்லீங்?"

"ஆமாங்கம்மா" என்றார் அந்தப் பெண். "மேல நின்னே கும்பிட்டுக்குங்க."

அக்கா இலையை விரித்துக் களியை வைத்து, நடுவில் குழித்துக் கொஞ்சம் மோர் ஊற்றிக் கும்பிட்டார். அந்த நேரத்தில்தான் ரோட்டோரம் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மகன். நிலத்துச் சொந்தக்காரர் என்பதால் அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா வருவது அவருக்குத் தெரியாது. வண்டியிலேயே சாய்ந்தபடி ரொம்ப நேரம் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நடந்து வந்தார். கயிறு கட்டியிருந்த இடத்துக்கு வந்ததும் நின்று, ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றி உள்ளே திணித்து வைத்தார். முள்ளும் சரளையுமான அந்த மண்ணில் வெறுங்காலோடு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று குழியைப் பார்த்தார்.

அக்கா தலை திருப்பவில்லை. படைத்த இலையிலிருந்து களியில் ஒரு உருண்டை பிடித்து, பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த கையை எடுத்து அதில் வைத்தார்.

அவர் நின்றபடியே தின்றார்.